ஏற்காடு தங்குமிடப் பட்டியல்: பழைய பதிவை யார் வேணும்னாலும் திருத்தலாமா?

அஸ்தம்பட்டி வாசி:
நம்ம சேலம் - ஏற்காடு பட்டியல்ல புது இடம் சேர்க்கப் படிவம் இருக்கு. ஏற்கெனவே இருக்கிற பதிவைத் திருத்தத்தான் வழி இல்லை. போன வாரம் கைக்குழந்தையோட 20-வது கொண்டை ஊசி வளைவைத் தாண்டும்போது ராத்திரி எட்டரை மணி. பட்டியல்ல இருந்த 04281 லேண்ட்லைனுக்கு அடிச்சா, உபயோகத்துலயே இல்லை. போய் நின்னா கேட்டுல துருப்பிடிச்ச பூட்டு. பக்கத்துச் சுவர்ல சாக்பீஸ்ல ஒரு மொபைல் நம்பர், கடைசி ரெண்டு இலக்கம் மழையில கரைஞ்சு கிடக்கு. அடுத்து வர்றவங்களுக்காவது சொல்லலாம்னா எழுத இடமே இல்லை. ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் 'திருத்து'ன்னு வைங்க. அனுப்பின உடனே மாறணும்.

நாகலூர் காட்டேஜ்:
உடனே மாறவே கூடாதுங்க. நான் மூணு ரூம் வச்சு நடத்துறேன். வேற ஒரு தளத்துல, போன மே மாசம், யாரோ எங்க இடத்தை 'நிரந்தரமா மூடியாச்சு'ன்னு போட்டுட்டாங்க. அஞ்சு நாள் ஒரு போன் வரலை. வருஷா வருஷம் வர்ற ஈரோட்டுக் குடும்பம் "ஏங்க மூடிட்டீங்க?"ன்னு கேட்ட அப்புறம்தான் எனக்கே தெரியும். ஏப்ரல், மே வருமானத்தை வச்சுத்தான் மழைக்காலத்தை ஓட்டுறோம். இதுவே யாராவது எங்க நம்பரை எடுத்துட்டுத் தன் நம்பரைப் போட்டு முன்பணம் வாங்கிட்டா? ஜனங்க எங்க வாசல்லதான வந்து நிப்பாங்க?

அஸ்தம்பட்டி வாசி:
உங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா விக்கிப்பீடியாவை 2001-லேருந்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கிற இணைய வரைபடத்தை 2004-லேருந்து பொதுமக்கள்தான் திருத்துறாங்க. நல்லாத்தானே நடக்குது?

நாகலூர் காட்டேஜ்:
அங்க ஒவ்வொரு மாற்றமும் வரலாறா நிக்கும், தப்புன்னா பழையபடி கொண்டு வரலாம், கண்காணிக்கவும் நிறையப் பேர். எங்க பதிவைப் பார்த்துக்க நான் ஒருத்தன்தான். அதையும் ரூம் காலியான அப்புறம்தான் பார்ப்பேன்.

செவ்வாய்ப்பேட்டை புரோகிராமர்:
கொலுசுக் கடைகளுக்கு இதே மாதிரி பட்டியல் செஞ்சு கொடுத்தவன் நான், பட்டதைச் சொல்றேன். முதல்ல ஷீட்டோட இணைச்ச இலவசப் படிவம் வச்சேன். அது பழைய வரியை மாத்தாது, கீழே புது வரி சேர்க்கும். ஒரே கடை மூணு நம்பரோட மூணு தடவை வந்துச்சு. அப்புறம் நானே படிவம் எழுதினேன், அது காலியாத் திறந்துச்சு. ஒரு கடைக்காரர் நம்பரை மட்டும் போட்டு அனுப்பினார். காலியா விட்ட கட்டமெல்லாம் பழைய விவரத்து மேல ஏறி, முகவரி, நேரம், விடுமுறை நாள் அத்தனையும் போச்சு. அவர் மேல ஒரு தப்பும் இல்லை. இப்போ பழைய விவரம் நிரம்பியே திறக்கும், மாத்தின கட்டம் மட்டும் சேமிப்பாகும், முன்னாடி இருந்தது தேதியோட தனியாப் பத்திரமா இருக்கும். திறக்கிற நேரம், பார்க்கிங் மாதிரி விஷயத்தை யாரும் மாத்தட்டும். போன் நம்பரும் 'மூடியாச்சு'ங்கிறதும் மட்டும் பதிவுல இருக்கிற நம்பருக்கு ஓடிபி போய்த்தான் மாறணும்.

அஸ்தம்பட்டி வாசி:
செத்துப்போன லேண்ட்லைனுக்கு ஓடிபி எப்படிங்க போகும்? எந்தப் பதிவு ரொம்பப் பழசோ, அதுதான் கடைசி வரைக்கும் திருந்தாது. நான் நின்ன கேட்டு அதுதான்.

செவ்வாய்ப்பேட்டை புரோகிராமர்:
நியாயம், அதை நான் யோசிக்கலை. அப்போ நம்பரை மாத்தாம, அது பக்கத்துலயே 'இந்த எண் வேலை செய்யலைன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார்'னு தேதியோட காட்டலாம். உரிமையாளர் பதில் சொன்னா எடுத்துடலாம்.

நாகலூர் காட்டேஜ்:
புது நம்பர் ஏறாதுன்னா எனக்குச் சம்மதம். ஆனா காட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஏழு நாள் வேணும். மலையில காத்தும் மழையும் அடிச்சா டவரே இருக்காதுங்க.

அஸ்தம்பட்டி வாசி:
ஏழு நாள்ல எப்படியும் ஒரு சனி, ஞாயிறு வந்துடும். எத்தனை குடும்பம் இருட்டுல அந்தப் பூட்டைப் பார்க்கணும்? ரெண்டு நாளுக்கு மேல நான் ஒத்துக்க மாட்டேன்.