மருந்துக் காப்புரிமையும் ஏற்றுமதியும்: ஆய்வுக்கு உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். மருந்துக் காப்புரிமை இந்திய ஏற்றுமதியை எப்படி மாற்றியது என்பதுதான் என் முதுகலை ஆய்வேடு.

1970 காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு அல்ல, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது. அதே மருந்தை வேறு வழியில் செய்ய நம் கம்பெனிகள் கற்றுக்கொண்டது அப்படித்தான். 2001-இல் எய்ட்ஸ் கூட்டு மருந்தை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் நம் சிப்லா கம்பெனி சொன்னது. அதற்கு முன் விலை 10,000 டாலருக்கு மேல். எத்தனை உயிர்கள்! இதை வெறும் வணிகக் கணக்காக என்னால் பார்க்க முடியவில்லை.

டிரிப்ஸ் (உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை) ஒப்பந்தப்படி 2005-இல் மருந்துக்கே காப்புரிமை வந்தது. ஏற்றுமதி அதன் பிறகும் வளர்ந்தது. என் சிக்கல் இங்கேதான். புதிய சட்டம் அதற்கு உதவியதா, இல்லை அமெரிக்காவில் பழைய காப்புரிமைகள் முடிந்து ஜெனரிக் (காப்புரிமை முடிந்தபின் மற்ற கம்பெனிகள் செய்யும் அதே மருந்து) சந்தை விரிந்ததாலா? இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

அப்புறம் தரவு. சுங்கக் குறியீட்டில் மாத்திரை, ஊசி மருந்துகள் 30ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. மூலமருந்துகளோ (மருந்துக்குள் வேலை செய்யும் வேதிப்பொருட்கள்) 29-இல் மற்ற கரிம வேதிப்பொருட்களோடு கலந்து கிடக்கின்றன. மருந்து ஏற்றுமதியில் வேலை பார்ப்பவர்கள் யாராவது, எந்தக் குறியீடுகளை எடுக்கலாம் என்று சொல்லுங்களேன்.