அம்மா முகத்துக்கு நான் எடுத்த நிறம்

ஈசூன் வாசகி:
சிங்கப்பூரில் ஒரு சமூக மன்ற வாட்டர்கலர் வகுப்பு, கடைசி வாரம். மனசுக்கு நெருங்கியவர் முகம் ஒன்றை வரையச் சொன்னார்கள். பழைய போட்டோவை வைத்து அம்மாவை வரைந்தேன். மூக்குத்தி, விபூதிக் கீற்று, புருவத்துத் தழும்பு எல்லாம் அச்சு அசலாக வந்தன. வகுப்பில் எல்லாரும் பாராட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "மூக்குத்தி என்னோடதுதான். யாரும்மா இது?" என்றார். பிறகு தன் புறங்கையைப் படத்தில் இருந்த கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அரிசி களையப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியில் தோல் நிறம் என்று பெயர் போட்டு வெளிர் ஆரஞ்சில் ஒரு டியூப் இருந்தது. முகம் முழுக்க அதைத்தான் பூசியிருக்கிறேன். பள்ளியில் "ஸ்கின் கலர் கிரயான் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டு வாங்கிப் பூசுவோமே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இப்போது 42 வயது. தினமும் பார்க்கிற அம்மா முகத்துக்கும் என் கை அதே நிறத்தைத்தான் தேடியிருக்கிறது. அந்தப் படம் அலமாரி மேல் கவிழ்ந்து கிடக்கிறது.

தெம்பனீஸ் அண்ணன்:
தங்கச்சி, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. வாட்டர்கலர் ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தால் வெளிறிவிடும். பாதித் தப்பு அதில்தான். அந்த டியூபை இனிமேல் தொடாதீங்க. பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பையும் அல்ட்ராமரின் நீலத்தையும் கலந்து பாருங்க. நீலம் கூடினால் நிழல், சியன்னா கூடினால் கன்னத்துச் சூடு, நம்ம தோலின் ஆழம் அந்த இரண்டிலேயே வந்துவிடும். சதுர மீட்டருக்கு 300 கிராம் என்று போட்ட தடித்த தாள் எடுங்க, நாலைந்து பூச்சு தாங்கும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் முதல் பூச்சு லேசில் காயாது. அவசரப்பட்டு மேலே பூசினால் சேறாகிவிடும், ஹேர் டிரையர் வைத்துக்கோங்க. வெளிச்சம் படுகிற இடத்தில் தாளை அப்படியே வெள்ளையாக விடாதீங்க. ஜன்னலோரம் உட்காரவைத்துப் பாருங்க, நம்ம நெற்றியில் வானத்து நீலம்தான் மினுங்கும். கறுப்பு டியூப் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்பாவைக் கறுப்பு கலந்துதான் வரைந்தேன். கரி அப்பின மாதிரி ஆயிடுச்சு. அவரிடம் காட்டவே இல்லை. இப்போது அவர் இல்லை.

வுட்லண்ட்ஸ் டீச்சர்:
அண்ணே, அவங்க கலவை கேட்கலை. காய்ந்து வெளிறினதுன்னும் சொல்லலை, எந்த டியூபை எடுத்தாங்கன்னு சொல்றாங்க. அது வேற விஷயம்.

எனக்கும் ஒன்று உறுத்துகிறது. தேசியக் கலைக்கூடத்தில் ஓவியர் சுவா மியா டீ 1959இல் வரைந்த தேசிய மொழி வகுப்பு ஓவியம் இருக்கிறதே, மேசையைச் சுற்றி மலாய் படிக்கிறார்களே, அதைப் பார்த்து வரைவதுதான் நான் போகிற ஓவிய வகுப்பில் பயிற்சி. கரும்பலகையில் "சியாப்பா நாமா காமு?" என்று இருக்கும். உன் பெயர் என்ன என்று கேட்கிற அந்த எழுத்துக்கே ஒரு மணி நேரம் செலவழித்தேன். நேரம் போய்விட்டது, முகங்களை ஒரே கலவையில் மளமளவென்று முடித்தேன். "எழுத்து நல்லா வந்திருக்கு" என்றார் ஆசிரியர். முகங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அசலில் ஒவ்வொருவரும் தனித்தனி ஆள். என் படத்தில் பெயர் கேட்டால் பதில் சொல்ல ஒருத்தரும் இல்லை.

தெம்பனீஸ் அண்ணன்:
சரிம்மா, கேட்காமல் சொல்லிட்டேன். ஆனால் எந்த டியூபை எடுக்கணும்னு யாராவது சொல்லிக் கொடுத்தால்தானே கைக்குத் தெரியும்? எனக்கு யாரும் சொல்லலை. தெரிந்திருந்தால் அப்பாவிடம் காட்டியிருப்பேன்.

ஈசூன் வாசகி:
அண்ணே, நீங்க சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன். டீச்சர், நீங்க சொன்னதும் சரிதான்.

இன்று மத்தியானம் அம்மாவை ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன். முகத்தை வரையத் தைரியம் வரவில்லை, கையை மட்டும் வரைந்தேன். சியன்னாவும் நீலமும் இரண்டு பூச்சு. காயும்வரை காத்திருந்தோம். பிறகு அம்மா தன் கையைத் தாள் பக்கத்தில் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் கறுக்கணும்மா" என்றார். நான் மூன்றாவது பூச்சு முடிக்கிறவரை கையை எடுக்கவில்லை.