சொந்த நிறுவனத்தின் பெயரில் மருத்துவ, பல் காப்பீடு: வரி உண்டா?

கேள்வி:
இங்கிலாந்தில் ஒரே இயக்குநராக லிமிடெட் நிறுவனம் நடத்துகிறேன். சென்ற மாதம் கடைவாய்ப்பல் உடைந்தபோது, என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) பல் மருத்துவர் எவரும் புதியவரைச் சேர்க்காததால், வலியோடு தனியாரிடம் சென்று கைப்பணம் கட்டினேன். இனி எனக்கும் மனைவிக்கும் மருத்துவ, பல் காப்பீட்டுத் தவணையை நிறுவனமே செலுத்தினால் வரி மிச்சமாகுமா?

மறுமொழி 1:
தவணையை நிறுவனச் செலவாகக் காட்டலாம். ஆனால் அது உங்களுக்குக் கிடைத்த சலுகையாகக் கருதப்படுவதால், மனைவிக்கான பங்கு உட்பட முழுத் தொகைக்கும் உங்கள் பெயரில் வருமான வரி விழும். ஆண்டுத் தவணை 1,200 பவுண்டு என்றால், 2025 ஏப்ரல் முதல் உள்ள 15 விழுக்காட்டின்படி நிறுவனம் 180 பவுண்டு தேசியக் காப்பீடும் (அரசுக்குக் கட்டும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு), 40 விழுக்காட்டு வரம்பில் இருந்தால் நீங்கள் 480 பவுண்டு வரியும் கட்ட வேண்டும். இச்சலுகையை வரித் துறைக்குத் தெரிவிக்கும் பி11டி படிவத்தை ஜூலை 6க்குள் அனுப்பிவிடுங்கள்.

மறுமொழி 2:
ஒப்பந்தம் யார் பெயரில் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் என் பெயரில் எடுத்த பாலிசிக்கு நிறுவனக் கணக்கிலிருந்து பணம் கட்டியதால், தேசியக் காப்பீடு என் சம்பளத்திலும் பிடிக்கப்பட்டது. பாலிசி நிறுவனத்தின் பெயரில் இருந்திருந்தால் அந்தச் சுமை நிறுவனத்தோடு நின்றிருக்கும். ஆண்டுக்கு ஒரு முழு உடல் பரிசோதனைக்கு நிறுவனம் பணம் கொடுத்தால் உங்களுக்கு வரியே இல்லை, அதைத் தவறவிடாதீர்கள்.