தமிழ்ப் பயிற்சிப் பக்கங்களுக்கு எந்தத் தேடுசொற்களைத் தேர்ந்தெடுப்பது?

பொங்கோல் ஆசிரியை:

வணக்கம். தொடக்கநிலை மாணவர்களுக்கான தமிழ்ப் பயிற்சிகளையும் கட்டுரைக் குறிப்புகளையும் ஓர் இணையத்தளத்தில் இலவசமாக வெளியிட்டு வருகிறேன். பக்கங்கள் பெருகிவிட்டன, ஆனால் வருபவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள், அவர்களும் வந்த வேகத்திலேயே வெளியேறிவிடுகிறார்கள். நான் மனத்தில் வைத்து எழுதுவதோ இங்கே சிங்கப்பூரில் உள்ள பெற்றோரையும் பிள்ளைகளையும்தான்.

எந்தச் சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகல் கீவேர்ட் பிளானரில் பார்த்தால் “தமிழ் கட்டுரை”, “தமிழ் இலக்கணம்” போன்றவை அதிகம் தேடப்படுவதாகத் தெரிகிறது. “தொடக்கநிலை 6 வாய்மொழித் தேர்வு” என்று இட்டால் எண்ணிக்கையே காட்டுவதில்லை. அதிகம் தேடப்படும் சொல்லையே தலைப்பில் வைக்க வேண்டுமா? ஆங்கிலச் சொற்களையும் சேர்க்கலாமா? பக்கத்தின் நிரலில் தேடுசொற்களைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்ட்ஸ் பகுதியில் எல்லாச் சொற்களையும் நிரப்பிவிட்டால் போதும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றி உடையவளாக இருப்பேன்.

ஜூரோங்வாசி:

வணக்கம் ஆசிரியை. நண்பர் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடலாம். மெட்டா கீவேர்ட்ஸ் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகல் 2009ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அதை நிரப்பும் நேரத்தில் ஒரு நல்ல தலைப்பை எழுதிவிடலாம்.

எண்ணிக்கையைப் பற்றி: “தமிழ் கட்டுரை” என்று தேடுபவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்பது அந்தச் சொல்லிலிருந்து தெரிவதில்லை. அவர் மதுரையில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவராக இருக்கலாம், பேச்சுப் போட்டிக்குத் தயாராகிறவராகவும் இருக்கலாம். அந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டின் பெரிய கல்வித் தளங்கள் பல ஆண்டுகளாக முதல் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றன. அவற்றோடு மோதி வென்றாலும் உங்களுக்குக் கிடைப்பது இப்போது கிடைக்கும் அதே வருகைதான். “தொடக்கநிலை 5” என்று எழுதுவது சிங்கப்பூர் மட்டுமே. தமிழ்நாட்டில் அது “5ஆம் வகுப்பு”. அந்த ஒரு சொல்லே உங்களுக்கு வேண்டியவர்களைப் பிரித்துக் கொடுத்துவிடும்.

கருவி எண்ணிக்கை காட்டாததற்கு நம் சமூகத்தின் அளவே காரணம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர், ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காட்டினர். இத்தகைய சிறிய வட்டத்தில், தேடல் போக்கைக் காட்டும் கூகல் டிரெண்ட்ஸும் பெரும்பாலும் “போதிய தரவு இல்லை” என்றே சொல்லும். அதனால் தேடல் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

எண்களைக் காட்டிலும் நம்பத்தக்க வழிகள் இரண்டு உண்டு. தேடல் பெட்டியில் “தொடக்கநிலை 6 தமிழ்” என்று தட்டி நிறுத்தினால் கீழே விரியும் பரிந்துரைகள், உண்மையில் பலர் தேடியவற்றை ஒட்டி எழுபவை. மற்றொன்று, உங்கள் தளம் கூகல் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல். அதில் நாட்டைச் சிங்கப்பூர் என்று வடிகட்டி, பலமுறை காட்டப்பட்டும் சொடுக்கப்படாத தேடல்களைப் பாருங்கள். ஒரு பக்கம் பத்தாவது, பன்னிரண்டாவது இடத்தில் தோன்றுகிறது என்றால், அந்தத் தேடலுக்குப் பொருத்தமான பக்கமாகக் கூகல் அதை ஏற்கெனவே ஓரளவு கருதுகிறது. தலைப்பையும் முதல் பத்தியையும் அந்தத் தேடலுக்கு நேரடியாக விடை சொல்லும்படி திருத்தினால் போதுமானதாக இருக்கும். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமை கருதிக் கூகல் அந்தப் பட்டியலில் காட்டாது என்பதால், பட்டியலில் உள்ளது மட்டுமே முழுக்கதை என்று எண்ண வேண்டாம்.

ஒரே தேர்வுக்கு ஐந்தாறு பக்கங்களை ஏறக்குறைய ஒரே தலைப்பில் வைத்திருந்தால், அவை ஒன்றையொன்று பின்னுக்குத் தள்ளும். வாய்மொழித் தேர்வு என்றால் வாசிப்புக்கு ஒரு பக்கம், காணொளியைப் பார்த்துப் பேசும் காணொளி உரையாடலுக்கு ஒரு பக்கம் என்று தேவையைப் பிரித்துக் கொள்ளுங்கள்.

இரு பிள்ளைகளின் தாய்:

பெற்றோர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நானோ என் தோழியரோ “வாய்மொழித் தேர்வு” என்று தமிழில் தட்டியதே இல்லை. ஆங்கில எழுத்தில் “பிஎஸ்எல்இ தமிழ் ஓரல்”, “பி5 தமிழ் கம்போசிஷன்” என்றுதான் தட்டுவோம். (பிஎஸ்எல்இ என்பது தொடக்கநிலை 6 இறுதியில் வரும் தேசியத் தேர்வு, பி5 என்பது தொடக்கநிலை 5.) தமிழ் நன்றாகத் தெரிந்த அம்மாக்களுக்குக்கூடக் கைப்பேசியில் அதுதான் வேகம். தமிழ்ச் சொல்லை மட்டும் வைத்திருந்தால் எங்கள் கண்ணில் பக்கம் படவே படாது, ஆசிரியை.

இன்னொன்று, பழைய சொற்களை எடுத்துவிடுங்கள். 2023ஆம் ஆண்டோடு பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு முற்றாக நீங்கிவிட்டது. ஆனாலும் எத்தனையோ தளங்களில் “அரையாண்டு மாதிரித் தாள்” என்றே இருக்கிறது. இப்போது நாங்கள் அலைவது “டபிள்யூஏ” எனும் பருவ மதிப்பீட்டுத் தாளுக்கு.

கிளமெண்டி வாசகன்:

மேலே அம்மா சொல்வது உண்மை. ஆனால் அதற்காகத் தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஆங்கிலச் சொற்களைத் தூவுவதை நான் ஏற்கமாட்டேன். பக்கம் எந்த மொழியில் உள்ளது என்பதைக் கூகல் கண்ணுக்குத் தெரியும் உள்ளடக்கத்தை வைத்தே முடிவு செய்கிறது. நிரலில் மொழியைக் குறிப்பிடும் பண்பை அது இதற்குப் பயன்படுத்துவதில்லை. பாதிக்குப் பாதி கலந்த பக்கம் இரு தரப்புக்கும் அரைகுறையாகவே அமையும். பெற்றோருக்காக ஆங்கிலத்தில் தனிப் பக்கம் ஒன்றை எழுதி, தேர்வின் அமைப்பையும் வீட்டில் செய்ய வேண்டியதையும் அதில் விளக்கி, தமிழ்ப் பயிற்சிக்கு அங்கிருந்து இணைப்புக் கொடுப்பதே சீரான முறை. பெற்றோர் தேடுவது விளக்கத்தை, பிள்ளைக்குத் தேவை பயிற்சி. இரண்டு தேவைகளுக்கும் ஒரே தேடுசொல் பொருந்தாது.

எழுத்துரு ஆர்வலர்:

சொற்களுக்குள் போகுமுன் ஒரு சோதனை. உங்கள் பயிற்சித்தாள்கள் பிடிஎஃப் கோப்புகளாக இருந்தால், ஒன்றைத் திறந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் கவலையில்லை. ஒழுங்கற்ற ஆங்கில எழுத்துகளாக வந்தால், அந்தத் தாள், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டப்பட்டது. தேடுபொறிக்கும் அது அப்படியே தெரியும், எந்தத் தேடுசொல்லும் உதவாது. வெறும் படமாக ஸ்கேன் செய்யப்பட்ட தாள்களையும் நம்பியிருக்க வேண்டாம். உள்ளடக்கத்தைப் பக்கத்திலேயே யூனிகோடில் தட்டி, கோப்பைப் பதிவிறக்கமாக மட்டும் வைப்பது நல்லது.

பொங்கோல் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. சோதித்துப் பார்த்தேன், பழைய கருத்தறிதல் தாள்கள் எல்லாமே குப்பை எழுத்துகளாகத்தான் வருகின்றன. அவற்றை மறுபடியும் தட்ட வேண்டும் போலிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய நேரமில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

ஜூரோங்வாசி:

வாய்மொழித் தேர்விலிருந்து தொடங்குங்கள். அது ஆகஸ்ட்டில் வருவதால் ஜூன் விடுமுறையிலேயே பெற்றோர் தேடத் தொடங்கிவிடுவார்கள். புதிய பக்கத்தைக் கூகல் கண்டறிந்து நிலைநிறுத்தவும் சில வாரங்கள் பிடிக்கும். கிளமெண்டி நண்பர் சொன்ன ஆங்கில விளக்கப் பக்கத்தையும் காணொளி உரையாடலுக்கான தமிழ்ப் பக்கத்தையும் மே மாதத்துக்குள் ஏற்றிவிடுங்கள். தமிழ்ப் பக்கத்துக்குத் தலைப்பு இப்படி இருக்கலாம்: “தொடக்கநிலை 6 தமிழ் வாய்மொழித் தேர்வு: காணொளி உரையாடல் பயிற்சி”. தலைப்பில் ஆண்டைச் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் அடுத்த ஆண்டே பக்கம் பழையதாகத் தோன்றும். கருத்தறிதல் தாள்களை அதற்குப் பின் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொள்ளலாம்.