மறு: பிலிம் ஸ்கேனருக்கு ‘ரெசல்யூஷன்’ – ஒரு சொல்லா, இரண்டா?

அனைவருக்கும் வணக்கம். பிலிம் ஸ்கேன் செய்யும் கையேட்டுக்கான தமிழ்ச் சொற்கள் பற்றி இங்கே வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> கையேட்டில் ‘ரெசல்யூஷன்’ வருமிடமெல்லாம் ‘தெளிவுத்திறன்’ என்றே போட்டுவிடட்டுமா? கணினியில் அதுதான் புழங்குகிறது.

வேண்டாம் என்பேன். கணினித் திரைக்கு அந்தச் சொல் போதும். பழைய நெகட்டிவ்களை பிளாட்பெட் ஸ்கேனரில் (தட்டையான கண்ணாடிப் பலகை கொண்டது) எடுக்க உட்காருபவருக்குப் போதாது. அவர் முன்னால் இரண்டு வேறு அளவுகள் இருக்கின்றன, இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயரைச் சொல்லிக் குழப்பிவிட்டார்கள். அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

எப்சன் வி850 என்ற பிளாட்பெட் ஸ்கேனரை எடுத்துக்கொள்வோம். விவரக்குறிப்பில் 6400 டிபிஐ என்று இருக்கும். அது பொய்யில்லை. ஓர் அங்குலத்துக்கு 6400 புள்ளி வீதம் அந்தக் கருவி பதிவு செய்கிறது. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கோடுகளை அது எவ்வளவு நெருக்கம் வரை தனித்தனியாகக் காட்டும் என்று சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது 2300ஐ ஒட்டிய எண். லென்ஸ், மேலே இருக்கும் கண்ணாடி, பிலிம் நிற்கும் உயரம் எல்லாம் சேர்ந்து வைக்கும் எல்லை அது. இப்போது ஒரே சொல்லை வைத்து இதை எழுதிப் பாருங்கள்: ‘தெளிவுத்திறனை 6400இல் வைத்தாலும் தெளிவுத்திறன் 2300தான்.’ படிப்பவர் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்.

என் முன்மொழிவு: கருவி உண்மையில் பிரித்துக் காட்டும் அளவுக்குப் ‘பிரிதிறன்’. அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதற்குப் ‘புள்ளிநெருக்கம்’.

பிரிதிறன் புதுச்சொல் இல்லை. நுண்ணோக்கிக்கும் தொலைநோக்கிக்கும் இயற்பியலில் ஏற்கெனவே இருப்பது, பொருளும் அதேதான். ‘தெளிவு’ அப்படியில்லை. ஸ்கேனர் மென்பொருளில் கூர்மையூட்டலைத் தட்டிவிட்டாலே படம் தெளிவாகத் தெரியும். புதிதாக ஒரு மயிரிழைகூடப் பிரிந்திருக்காது.

> டிபிஐக்குப் ‘புள்ளியடர்த்தி’ என்று நேராகவே சொல்லலாமே?

ஐயா தந்த சொல் கேட்டவுடன் புரிகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பிலிம் வேலையில் ‘அடர்த்தி’ ஏற்கெனவே கைவசம் தேவைப்படுகிறது. பிலிமின் ஓர் இடம் எவ்வளவு ஒளியைத் தடுக்கிறது என்பதே அதன் ஒளியடர்த்தி. அடர்த்தி 3 என்றால் விழுந்த ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஸ்லைடின் (நேர்ப்படமாகவே இருக்கும் பிலிம்) கறுப்புப் பகுதிகளில் ஸ்கேனர் திணறுவதும், நெகட்டிவில் அவ்வளவாகத் திணறாததும் இந்த எண்ணால்தான் விளங்கும். ஒரே பக்கத்தில் ஒளியடர்த்தியும் புள்ளியடர்த்தியும் வந்தால் ‘அடர்த்தி கூடினால் நல்லதா, கெட்டதா?’ என்று கேள்வி வரும். ‘செறிவு’ என்று போகலாமென்றால் அங்கே ஒளிச்செறிவு நிற்கிறது. நெருக்கம்தான் இந்தத் துறையில் யாரும் தொடாமல் இருக்கிறது. கோலம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புள்ளியை எவ்வளவு நெருக்கி வைத்தாலும், கையிலிருந்து விழும் மாவுக்கோடு தடிமனாக இருந்தால் இரண்டு இழையும் ஒன்றாகிவிடும்.

> படிப்பவருக்கு எதற்கு இத்தனை நுணுக்கம்? பெரிய எண்ணில் வைத்தால் படம் நன்றாக வரும் என்று சொன்னால் போதாதா?

போதாது. இந்த இடத்தில்தான் மக்களின் நேரம் போகிறது. 35 மிமீ பிலிமில் ஒரு சட்டத்தை, அதாவது ஒரு படத்தை, 2400இல் 48 பிட் வண்ணத்தில் எடுத்தால் கோப்பு ஏறத்தாழ 46 எம்பி. 6400இல் எடுத்தால் 330 எம்பி. ஏழு மடங்கு. வீட்டில் ஒரு பெட்டி நெகட்டிவ் வைத்திருப்பவர் வட்டை நிரப்பிவிட்டுப் பாதியில் நிறுத்திவிடுகிறார்.

அதற்காக 2300இலேயே எடுங்கள் என்றும் சொல்ல முடியாது. புள்ளிநெருக்கம் பிரிதிறனைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருந்தால்தான் கருவியால் முடிந்த பிரிதிறன் முழுவதும் கோப்பில் வந்து சேரும். அதனால் 4800இல் எடுத்துப் பிறகு பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்ல வழக்கம். இந்த அறிவுரையை இரண்டு சொல் இருந்தால்தான் எழுத முடியும். பிரிதிறன் 2300 என்று பிடித்துக்கொண்டால் அச்சுக் கணக்கும் நேராக வரும்: அங்குலத்துக்கு 300 புள்ளியில், 35 மிமீ பிலிம் சுமார் 11க்கு 7 அங்குலம் தாங்கும். அதைவிட அகலமான 120 பிலிமில் 6×6 (செ.மீ.) சட்டம் 17 அங்குலச் சதுரம் வரை போகும். பிளாட்பெட்காரர்களுக்கு 120 பிலிம்மேல் இவ்வளவு பிரியம் இருப்பது இதனால்தான்.

கையேட்டில் பிரிதிறனை அளக்கும் பகுதியை நண்பர் சுருக்கியிருக்கிறார். அதை முழுதாகவே வையுங்கள், சொல் அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. 1951ஆம் ஆண்டின் அமெரிக்க விமானப்படைச் சோதனைத் தகட்டில் மும்மூன்று கோடுகள் கொண்ட தொகுதிகள், எண்ணிட்ட குழுக்களாக, படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும். ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கி ஒவ்வொரு தொகுதியாக இறங்கினால், முதலில் மூன்று கோடும் பளிச்சென்று நிற்கும். அப்புறம் ஓரம் கரையும். ஓரிடத்தில் மூன்றும் கலந்து ஒரே சாம்பல் கட்டையாகிவிடும். அதற்கு முந்தைய தொகுதிதான் விடை. ஐந்தாம் குழுவின் நான்காம் தொகுதி வரை பிரிந்தால் மில்லிமீட்டருக்கு 45.25 கோட்டிணை (ஒரு கோடும் அதன் பக்கத்து இடைவெளியும் சேர்ந்தது ஓர் இணை). இரண்டால் பெருக்கி, பிறகு 25.4ஆல் பெருக்கினால் 2299.

அதே தகட்டைப் பிலிம் தாங்கியின் உயரத்தை மாற்றி மாற்றி எடுத்தால் இந்த எண் ஏறி இறங்குவதும் தெரியும். வி850இல் லென்ஸ் நகர்ந்து குவியாது, உயரத்தை நாம்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதனால்தான் தாங்கியின் காலில் படிப்படியாக மாற்றும் வசதி இருக்கிறது. எந்த உயரத்தில் பிரிதிறன் உச்சமோ அதைக் ‘குவிய உயரம்’ எனலாம். பிலிம் வளைந்திருந்தால் நடுப்பகுதி அந்த உயரத்திலிருந்து விலகிவிடும். ஓரம் கூர்மையாகவும் முகம் மசமசவென்றும் வரும் படங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஸ்கேன் செய்யுமுன் கனமான புத்தகத்துக்கடியில் கொஞ்ச நாள் வைத்தால் பிலிம் ஓரளவு படியும். நேராகக் கண்ணாடிமேல் போட்டுவிட வேண்டாம். பளபளப்பான பக்கம் கண்ணாடியைத் தொட்டால் நியூட்டன் வளையங்கள் என்ற வண்ண வளையங்கள் படத்தில் வந்து சேரும், குவிய உயரமும் தப்பிப்போகும்.

‘புள்ளிநெருக்கம்’ நீளமாக இருக்கிறது என்பவர்கள் அட்டவணைக்குள் ‘புள்ளி/அங்.’ என்று போட்டுக்கொள்ளலாம்.

ஒன்று பாக்கி. சில ஸ்கேனர் பெட்டிகளின்மேல் 12800 என்று இன்னொரு எண்ணும் வரும். அது கருவி பார்த்த புள்ளியே இல்லை, பக்கத்துப் புள்ளிகளை வைத்து மென்பொருள் கணக்கிட்டு நிரப்பியது. கணிதத்தில் இதற்கு ‘இடைச்செருகல்’ என்ற சொல் இருக்கிறது. பழைய நூல்களில் பிற்காலத்தார் நுழைத்த பாடல்களையும் அப்படித்தான் சொல்கிறோம். மூலத்தில் இல்லாதது என்ற குறிப்பு படிப்பவருக்கு உடனே கிடைக்கும், இங்கேயும் அதுதான் தேவை. ஆகவே ‘இடைச்செருகல் புள்ளி’ என்று நான் வாக்களிக்கிறேன். இலக்கியம் படித்தவர்களுக்கு இது உறுத்துமா என்று மட்டும் ஐயா சொல்லுங்கள்.

அன்புடன்.