கபடி ஆடும் மகனுக்கு எடை ஏறவே மாட்டேன் என்கிறது

கேள்வி: மகனுக்கு 15 வயது, 168 செ.மீ., 47 கிலோ. காலை ஐந்தரைக்கே பயிற்சி. ஒரு டீ, இரண்டு பிஸ்கட்டோடு ஓடுகிறான். வந்ததும் பள்ளிக்குப் பறக்கும் அவசரத்தில் இரண்டு இட்லி. கடைக்காரர் 3,200 ரூபாய்க்குப் புரோட்டீன் பவுடர் டப்பாவை நீட்டுகிறார். வாங்கலாமா?

பதில் 1: டப்பாவை அப்புறம் பார்க்கலாம். என் மகனும் இதே கதைதான், ஓட்டப்பந்தயம். கிளம்பும்போது ஒரு வாழைப்பழம். பயிற்சி முடிந்ததும் மைதானத்திலேயே சாப்பிட இரண்டு அவித்த முட்டை, ஒரு கை வேர்க்கடலை கட்டிக் கொடுத்தேன். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். ஐந்து மாதத்தில் 3 கிலோ ஏறினான். முதல் மாதம் முள் அசையவே இல்லை, பயந்துவிடாதீர்கள்.

பதில் 2: புரதம் மட்டும் போதாது. சோறு குறைந்தால் உடம்பு புரதத்தையே எரித்துவிடும். இட்லி நாலாகட்டும், பொடிக்கு நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றுங்கள். கிலோவுக்கு ஒன்றரை கிராம் புரதம் என்று வைத்தால் அவனுக்கு நாளுக்கு 70 கிராம். பால், தயிர், சுண்டல், மீன் என்று பிரித்தால் வந்துவிடும். சோர்வும் இருந்தால் மருத்துவரிடம் காட்டி ரத்தசோகை இருக்கிறதா பாருங்கள். இரவு பத்துக்குப் போனைப் பிடுங்கிவிடுங்கள்.

கேட்டவர்: சரி, பவுடர் வேண்டாம். இன்று இரண்டு முட்டை கொடுத்தனுப்பினேன். ஒன்றை நண்பனுக்குக் கொடுத்துவிட்டானாம். நாளை மூன்று.