கிரிப்டிக் கிராஸ்வேர்டு: தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கிரிப்டிக் கிராஸ்வேர்டு பற்றி வகுப்பு எடுக்கிறேன். குறிப்பு மேலோட்டமாக ஒன்றைச் சொல்ல, சொல் விளையாட்டால் விடை வேறாக வரும் குறுக்கெழுத்துப் புதிர் அது. பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் என்பதால் விளக்கத்தைத் தமிழில் எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'குறுக்கெழுத்து' சரி. முன்னால் வரும் 'கிரிப்டிக்'குக்கு என்ன போடுவது? 'சங்கேத' என்றால் உளவுத்துறை ஞாபகம் வருகிறது.

பிள்ளைகள் திணறுவது பிரிட்டிஷ் சொற்களில்தான். குறிப்பில் 'சாப்பர்' (ராணுவப் பொறியியல் படைவீரர்) என்று வந்தால் விடையில் ஆர், இ என்ற இரண்டு எழுத்து. ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவின் சுருக்கம். ஒரு மாணவி மட்டும் சட்டென்று பிடித்துவிட்டாள். அவள் தாத்தா பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவராம்.

அன்புடன்,
ந.

———

தம்பி,

'கரப்பு' (மறைத்தல்) இருக்க வேறெங்கும் தேட வேண்டாம். தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூல், எழுத்து வித்தைப் பாடல்களான சித்திரகவியில் காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள் என்று இரண்டைச் சொல்கிறது. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். தொடருக்குள் விடை ஒளிந்திருக்கும் ஆங்கிலக் குறிப்பும் அந்த வகைதானே? எழுத்தை நீக்கி வேறு சொல் காண்பது அக்கரச்சுதகம். கூட்டிக்கொண்டே போவது எழுத்துவருத்தனம். சொல் பிரியாமல் இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, பிரிந்து தந்தால் பிரிமொழிச் சிலேடை.

கரத்தல், கரவு, கரவடம் எல்லாம் ஒரே வேர். கரப்பான் பூச்சியும் ஒளிந்து வாழ்வதால் பெற்ற பெயர் என்பது என் துணிபு. 'கரப்புக் குறுக்கெழுத்து' என்றே போடுங்கள்.

சி.

———

ஐயா, வணக்கம்.

கரப்பான் பூச்சிதான் மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும். ஆனால் என் மறுப்பு அதற்காக அல்ல. கரப்பு என்பது இருப்பதை இல்லை என்று மறைப்பது. 'கரப்பிலா நெஞ்சின் கடனறிவார்' என்று குறள் (1053) சொல்வது அதைத்தான். நல்ல குறிப்பு எதையும் அப்படி மறைப்பதில்லை. 'ஃப்ளவர்' என்று கண்முன்னே எழுதியிருக்கும். பூ என்று படிப்பது நாம். 'ஃப்ளோ-அர்', ஓடுவது என்று பிரித்துப் படித்தால் ஆறு. 'நம்பர்' எண் அல்ல, 'நம்-அர்', மரத்துப்போகச் செய்வது, அதாவது ஈதர் என்ற மயக்க மருந்து.

அஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் அமைத்தவர் 1949-ல் வகுத்த விதி இது: சொல்வதையே நீ கருத வேண்டும் என்றில்லை, ஆனால் கருதுவதைச் சொல்லியே ஆக வேண்டும். இருபது வருடமாக இந்து நாளிதழின் புதிரை விடுவித்து வருகிறேன். தோற்ற நாளிலும் விடையைப் பார்த்ததும் 'அட, எதிரிலேயே இருந்ததே' என்றுதான் தோன்றியிருக்கிறது.

தமிழில் நான் கட்டியது ஒன்று: 'ஊருக்குத் தலை போனால் கை மிஞ்சும் (3)'. அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. நகரத்தில் முதலெழுத்தை எடுங்கள்: கரம். இதில் கரப்பு எங்கே இருக்கிறது? இது விடுகதை. 'விடுகதைக் குறுக்கெழுத்து' என்றால் யாருக்கும் புரியும்.

ம.

———

அம்மா, 'கரம்' அருமை. அசல் அக்கரச்சுதகம். கரப்பை விட்டுவிடுகிறேன்.

ஆனால் 'கதை' வடசொல். தொல்காப்பியம் செய்யுளியலில் விடுகதைக்கு 'பிசி' என்ற சொல் இருக்கிறதே! 'ஒப்பொடு புணர்ந்த உவமத் தானும், தோன்றுவது கிளந்த துணிவி னானும்' என்று இரண்டு வகையும் சொல்லியிருக்கிறார். 'பிசிக் குறுக்கெழுத்து' என்பதில் என்ன குறை?

இன்னொரு செய்தி. அப்சர்வர் இதழில் 1972 முதல் புதிர் அமைத்தவர் 'அசெட்' என்று பெயர் வைத்துக்கொண்டார். ஸ்பானிய மதவிசாரணைத் தலைவர் 'டெசா'வின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டது. அங்கேயும் மாலைமாற்று!

சி.

———

ஐயா, மாலைமாற்று திருப்பினாலும் அதுவாகவே இருக்க வேண்டும், சம்பந்தரின் 'யாமாமாநீ' போல. இது 'வாசி' திரும்பி 'சிவா' ஆகும் வகை. அதற்குத் தனிப்பெயர் வேண்டும்.

'பிசி' என்றால் இன்றைக்கு வேலையாக இருக்கிறார் என்றுதான் பொருள். வடசொல்லைத் தமிழ் எழுத்தால் எழுதலாம் என்று தொல்காப்பியரே விட்டிருக்கிறார். பாட்டி சொன்ன சொல்லை ஏன் தள்ள வேண்டும்?

ம.

———

எல்லாருக்கும் நன்றி. தனிமடலில் எழுதிய நான்கு பேரில் மூவர் 'விடுகதை' என்கிறார்கள். நான்காமவர் 'கிரிப்டிக்' என்றே இருக்கட்டும் என்கிறார். நேரமில்லாததால் 'விடுகதைக் குறுக்கெழுத்து' என்று போடுகிறேன். சிலேடை இரண்டையும் அக்கரச்சுதகத்தையும் எடுத்துக்கொண்டேன். 'செம்மொழிச் சிலேடை'க்கு மட்டும் ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறேன், செம்மொழி மாநாட்டை நினைத்துவிடுவார்கள். எழுத்துகளைக் கலைத்து அடுக்கும் வகைக்கு இன்னும் பெயரில்லை. இப்போதைக்கு 'கலைத்தடுக்கல்'.

ந.

———

அச்சுக்குப் போகட்டும் தம்பி. என் வாக்கு பிசிக்கே. 'கலைத்தடுக்கல்' வேண்டாம், 'தடுக்கல்' என்று பிரித்துப் படித்துவிடுவார்கள். ஞாயிறு இரவுக்குள் வேறு அனுப்புகிறேன்.

சி.